செம்மண்புதூருக்கு இருபது டிக்கெட்

எங்கள் தீவில் ரயில் கிடையாது. ஆனால் ரயில் டிக்கெட் கவுண்டர் இருக்கிறது. சிரிக்காதீர்கள். கப்பலிலோ விமானத்திலோ சென்னையில் போய் இறங்குகிறவன் மேற்கொண்டு ஊர் போய்ச் சேர வேண்டாமா? அதற்காக வைத்தது. ஒரு கண்ணாடிச் சன்னல், உள்ளே ஒரு கம்ப்யூட்டர், அதன் முன்னால் சுரேந்தர். எங்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறவன்தான். பத்து வருடமாக டிக்கெட் போடுகிறான். எந்த வண்டி எந்த ஊரில் எத்தனை நிமிடம் நிற்கும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். அவன் மட்டும் இதுவரை ஒரு ரயிலிலும் ஏறியதில்லை. ஏன்டா என்று கேட்டால், "வளையல் விக்கிறவன் எல்லாம் வளையல் போட்டுக்கிறானாக்கா?" என்பான். வாய்!

நானும் வாய்க்குக் குறைந்தவள் இல்லை. மீனாம்பாள் என்று போர்ட் பிளேயர் ஜங்லிகாட்டில் யாரைக் கேட்டாலும் என் தையல் கடையைக் காட்டுவார்கள். காட்டும்போதே கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அது மரியாதை என்று நான் நினைத்துக்கொள்கிறேன். பயம் என்பார் என் வீட்டுக்காரர் அன்பழகன்.

எனக்கு ஒரே தங்கை, பானு. இதே ஜங்லிகாட்டில் பிறந்து, கடலைப் பார்த்து வளர்ந்தவள். அப்பா மெயின்லேண்ட் மாப்பிள்ளைதான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்று செம்மண்புதூரில் கொண்டுபோய்க் கொடுத்தார். அந்தக் கல்யாணத்துக்குப் போனபோதுதான் நான் முதல்முதலாக ரயிலைப் பார்த்தேன். பார்த்தேன் என்றுதான் சொல்ல முடியும். கப்பலென்றால் ஆட்களைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தி, டிக்கெட்டும் கார்டும் பார்த்து, மூட்டைகளைச் சோதித்துப் பிறகுதானே ஏற்றுவார்கள்? நாங்கள் பதினெட்டுப் பேரும் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து, செம்மண்புதூர் வண்டிக்காக ஜங்ஷன் பிளாட்பாரத்தில் மூட்டைகளின் மேல் உட்கார்ந்து, கடலை கொறித்துக்கொண்டு, யாராவது வந்து கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தோம். வண்டி வந்தது, நின்றது, போயே போய்விட்டது. பெண்வீட்டார் மறுநாள்தான் போய்ச் சேர்ந்தோம். இன்றைக்கும் அந்த ஊரில் இதைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம்.

சிரித்துவிட்டுப் போகட்டும். பானுவின் கதை சிரிப்பு இல்லை. அவள் புருஷன் நான்கு வருடம் முன்னால் மாரடைப்பில் போய்விட்டார். இரண்டு பெண் குழந்தைகள். டவுனில் உள்ள கண் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அந்த ஒரு சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறார்கள். காலையில் ஆறரைக்கு ஜங்ஷனில் கிளம்பும் பாசஞ்சர் ஏழேகாலுக்குச் செம்மண்புதூரில் நிற்கும். ஒரே நிமிடம். அதில் ஏறினால் எட்டு மணிக்கு டவுன், எட்டரைக்கு டியூட்டி. அந்த வண்டியை விட்டால் ஒன்பது மணிக்குத்தான் முதல் பஸ். அதுவும் இரண்டு இடத்தில் மாறி, டவுன் போய்ச் சேரும்போது ஆஸ்பத்திரியில் பாதிப் பேருக்கு ஆபரேஷனே முடிந்திருக்கும்.

போன வருடம் அந்தத் தடத்தை ஒரு தனியார் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். கம்பெனிக்காரர்கள் முதல் காரியமாகப் பெட்டிகளுக்கு நீலப் பெயின்ட் அடித்தார்கள். இரண்டாவது, பாசஞ்சர் என்ற பெயரை எடுத்துவிட்டு எக்ஸ்பிரஸ் என்று எழுதினார்கள். வேகம் அதேதான், கட்டணம் மட்டும் எக்ஸ்பிரஸ் மாதிரி ஓடியது. மூன்றாவதாக, சின்ன ஊர்களில் எதற்கு நிறுத்த வேண்டும் என்று யோசிக்க ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் பானு போனில் அழுதாள். அவள் சுலபத்தில் அழுகிறவள் இல்லை.

"அக்கா, எங்க ஊர்ல இனிமே வண்டி நிக்காதாம். ரெண்டு மாசம் பாப்பாங்களாம். தினம் சராசரி இருபது ரிசர்வேஷன் டிக்கெட்டாவது எங்க ஊருக்கு விக்கணுமாம். இல்லன்னா கட்."

"அங்க தினம் நானூறு பேரு ஏறுறீங்களேடி?"

"நாங்கல்லாம் மாசப் பாஸ். பாஸு கணக்குல வராதாம்."

கேட்டீர்களா அநியாயத்தை! தினமும் ஏறுகிறவன் கணக்கில் இல்லை. நானூறு பேர் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தார்களாம். பதிலே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. கையில் இருந்த பிளவுஸ் துணியைத் தப்பாக வெட்டிவிட்டேன். அது ரோசலினுடைய பிளவுஸ். அதற்கு நான் அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது தனிக்கதை.

சாயங்காலம் சுரேந்தர் வேலை முடிந்து வந்ததும் மாடிப்படியிலேயே மறித்து விஷயத்தைச் சொன்னேன். அவன் போனை எடுத்து, கம்பெனியின் அறிவிப்பைத் தேடிப்பிடித்து, இரண்டு தடவை படித்தான். பிறகு அவன் முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு வந்தது.

"அக்கா, இருபது டிக்கெட் விக்கணும்னுதான் போட்டிருக்கான். எங்க விக்கணும்னு போடல."

"மத்லப்? அப்படின்னா?"

"எந்த ஊர்க் கவுண்டர்ல வித்தாலும் கணக்குதான். நம்ம கவுண்டர் உட்பட."

"டிக்கெட்ட வாங்கிட்டு ஏறாம இருந்தா போலீஸ் பிடிக்காதா?"

"டிக்கெட் இல்லாம ஏறினாத்தான் பிடிப்பான். டிக்கெட் எடுத்துட்டு ஏறாம இருக்குறவனப் பிடிக்க இன்னும் சட்டம் வரலக்கா."

அப்படித்தான் ஆரம்பித்தது. ஜங்ஷனிலிருந்து செம்மண்புதூருக்கு டிக்கெட் விலையில் இரண்டு டீயும் ஒரு சமோசாவும் சாப்பிடலாம், அவ்வளவுதான். ஒரு படிவத்தில் ஆறு பேர் எழுதலாம். தினமும் நாலு படிவம் போதும். முதல் நாள் எங்கள் வீட்டு ஆட்கள், கடைக்கு வருகிறவர்கள். அடுத்த நாள் பக்கத்து வீட்டு கஸ்பாரும் அவர் பெண்சாதி ரோசலினும். கஸ்பார் மீன்பிடிக்கிறவர். செம்மண்புதூர் கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டார். கடலே கிடையாது என்றேன். "கடலில்லாத ஊருக்கு நான் எதுக்குப் போகப் போறேன்?" என்றார். போக வேண்டாம், டிக்கெட் வாங்கினால் போதும் என்றதும், "அப்போ ரெண்டா எடுத்துக்கோ" என்று ஆதார் நம்பரைச் சொன்னார்.

மண்டல் தாதாவையும் சேர்த்துக்கொண்டேன். வங்காளி, எதிர்வரிசையில் மிட்டாய்க் கடை; தாதா என்றால் அவர்கள் பேச்சில் அண்ணன். அவருக்குச் செம்மண்புதூர் என்று சொல்ல வராது. "தீதி, வோ சம்பல்பூர் வாலா டிக்கெட்" என்று கேட்பார். புரோத்ராபூரில் இருக்கும் என் நாத்தனார் வீட்டார், கேம்பல் பேயில் இருக்கும் வீட்டுக்காரரின் சினேகிதர், எல்லோர் பெயரும் போயிற்று. சின்னக் குழந்தைகள் பெயர்கூடத் தீர்ந்ததும், ஒரு நாள் இரண்டு பெயர் குறைந்தபோது, சுரேந்தர் தன் பெயரையே எழுதிக்கொண்டான். பத்து வருடத்தில் அவன் தனக்காகப் போட்ட முதல் ரயில் டிக்கெட் அதுதான். அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் திரிந்தான்.

இதில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் ஊரில் கப்பல் டிக்கெட் கொடுக்கிறார்கள் என்றால் முன்கூட்டியே போய்ச் செருப்பையோ கல்லையோ பையையோ வரிசையில் போட்டு இடம் பிடிப்போம். ஆள் வீட்டில் இருப்பான், செருப்பு வரிசையில் நிற்கும். பழக்கதோஷம்! ரயில் கவுண்டரில் ஈ காக்கை கிடையாது என்றாலும் நம் ஜனங்கள் அங்கேயும் செருப்பைப் போட ஆரம்பித்தார்கள். ஒரு நாள் காலையில் இருபத்திரண்டு செருப்பு. ரயிலே இல்லாத ஊரில் ரயில் டிக்கெட்டுக்குச் செருப்பு வரிசை. எவனோ படமெடுத்து வாட்ஸாப்பில் போட்டான். அது தீவு முழுக்கச் சுற்றி, கடல் தாண்டி, கம்பெனிக்காரன் கண்ணிலேயே போய் விழுந்துவிட்டது.

நாற்பதாவது நாளோ என்னவோ, கம்பெனியிலிருந்து சுரேந்தருக்கு ஒரு கடிதம். உங்கள் கவுண்டரில் டிக்கெட் அமோகமாக விற்கிறது, மகிழ்ச்சி, ஆனால் வண்டியில் ஒரு பயணிகூட ஏறவில்லையே, என்ன காரணம் என்று கேட்டிருந்தார்கள். பையன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தான். பொய் என்று தெரிந்தால் நிறுத்தமும் போகும், அவன் வேலையும் போகும்.

"கப்பல் லேட்டுன்னு எழுதுடா" என்றேன்.

"தினமுமா?"

"பின்னே? நம்ம கப்பல் என்னிக்கு நேரத்துக்குப் போயிருக்கு?"

அப்படியே எழுதினான். கடல் சீற்றம், கப்பல் தாமதம், பயணிகள் பாவம் என்று. அதற்கு வந்த பதிலில்தான் எங்களுக்கு வினை. பயணிகளின் சிரமத்தை நேரில் கேட்டறிய எங்கள் அதிகாரி ஒருவர் வருகிறார் என்று எழுதியிருந்தார்கள்.

நான் விடுவேனா? சமூகக் கூடத்தில் நாற்பது பேரைக் கூட்டி ஒத்திகை பார்த்தேன். சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். "காலை ஏழேகால் வண்டி செம்மண்புதூர்ல நிக்கணும், அதான் எங்களுக்கு வசதி." வேறு ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று சொன்னேன். மண்டல் தாதா அதை வங்காள எழுத்தில் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். ரோசலின் ஜெபம் மாதிரி முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள். பானுவுக்கு போன் போட்டு, "கவலைப்படாதே, நாளைக்கு உன் வண்டி கெட்டியாயிடும்" என்றேன். அவள் குழந்தைகள் பின்னால் கைதட்டுவது கேட்டது.

வந்தவர் முப்பது வயதுகூட இருக்காது. ஏர்போர்ட்டிலிருந்து வருவதற்குள் சட்டை முழுக்க வியர்வை. "சார்" என்றதும் பதறிவிட்டார். "சார்லாம் வேண்டாம்மா, குணான்னே கூப்பிடுங்க" என்றார். கையில் ஒரு நோட்டு, மேசையில் ஒரு டேப். எனக்கு அப்போதே கொஞ்சம் உறுத்தியது. நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிற ஆபீசரை நான் என் ஆயுளில் பார்த்ததில்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்லிவிட வேண்டும். எங்கள் தீவில் ஆபீசர் வந்தால் கஷ்டம் சொல்வது ஒரு கலை. மெயின்லேண்டிலிருந்து யார் வந்தாலும், எதற்கு வந்தாலும், நாங்கள் கஷ்டத்தைத்தான் முதலில் எடுத்து வைப்போம். சந்தோஷமாக இருக்கிறோம் என்று சொன்னவனுக்கு இங்கே எதுவும் கிடைத்ததில்லை. தண்ணீர்க் கஷ்டத்துக்கு ரோசலின், டீசல் கஷ்டத்துக்கு கஸ்பார் என்று ஆள் ஆளுக்குத் தனித் துறை. எல்லாவற்றுக்கும் மேலே நான். மூன்று ஆபீசர்கள் முன்னால் அழுது எங்கள் சந்துக்கு ஒரு குழாய் வாங்கியவள். நாலாவது ஆபீசரிடம் அழுது அதில் தண்ணீரும் வரவைத்தேன்.

கூட்டம் நன்றாகத்தான் ஆரம்பித்தது. கஸ்பார் எழுந்து வாக்கியத்தைச் சொல்லி உட்கார்ந்தார். ரோசலின் சொன்னாள். மண்டல் தாதா உள்ளங்கையைப் பார்த்துச் சொன்னார். குணா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, தாதாவிடம், "நீங்க செம்மண்புதூர்ல எந்தத் தெருங்க?" என்று அன்பாகக் கேட்டார். தாதா மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்து, "காலை ஏழேகால்" என்றார். நல்லவேளை, எல்லோரும் சிரித்துச் சமாளித்தோம்.

பிறகு குணா பேனாவைக் கீழே வைத்தார்.

"ரொம்ப சந்தோஷம். ஆனா ஒரே ஒரு விஷயம்தான் எனக்குப் புரியல. இத்தனை டிக்கெட் வாங்கியிருக்கீங்க, ஒருத்தர்கூட ஏறல. எல்லா நாளுமா கப்பல் லேட்?"

"எங்க கப்பலைப் பத்தி உங்களுக்குத் தெரியாது தம்பி" என்றார் கஸ்பார்.

"தெரிஞ்சுக்கத்தான் வந்திருக்கேன்." குணா என் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. என்னதான் கஷ்டம்?"

அந்த ஒரு வார்த்தை போதும். என்னதான் கஷ்டம்! எத்தனை ஆபீசரைப் பார்த்திருக்கிறேன், ஒருத்தர் வாயிலிருந்தும் இது வந்ததில்லை. நாங்களாகத்தான் பின்னாலேயே ஓடிச் சொல்வோம். இவரோ கேட்டுவிட்டுப் பேனாவை வேறு எடுக்கிறார். என் வாய் என் பேச்சைக் கேட்கவில்லை. ஏழேகால் எங்கே போனது என்று தெரியவில்லை. முந்தானையை எடுத்துக் கண்ணில் வைத்தேன்.

"என்னத்தச் சொல்ல சார்! மூணு நாள் கப்பல்ல வாந்தியெடுத்து, குடல் கையில வந்து, சென்னையில இறங்குறோம். அங்கேர்ந்து ஒரு வண்டியப் புடிச்சா அது ஜங்ஷனுக்கு மதியம் ஒண்ணே முக்காலுக்குப் போவுது. எங்க ஊரு வண்டி எப்ப? காலையில ஆறரைக்கே போயிருக்கும்! அடுத்தது? மறுநாள் காலையில! அதுவரைக்கும் பிளாட்பாரம்தான் எங்க வீடு. வயசானவங்க, கைப்புள்ளைங்க, கருவாட்டு மூட்டை. கருவாட்டு வாசத்துக்கு ஊர்ல உள்ள நாயெல்லாம் சுத்தி நிக்கும். படுக்க முடியாது சார், ஒருத்தர் மாத்தி ஒருத்தர் நாயத்தான் வெரட்டணும். கடைசியில முடியாம, கையில டிக்கெட்ட வச்சுக்கிட்டே வேன் புடிச்சுப் போறோம். வாங்குற டிக்கெட் ஆசையில வாங்குறோம் சார். ஏற எங்களுக்குக் குடுத்து வைக்கல."

நெஞ்சில் இரண்டு அடி அடித்துக்கொண்டேன். சும்மா சொல்லக்கூடாது, அதுவரை நான் அழுததிலேயே அதுதான் உச்சம். ரோசலின் விம்மி விம்மி அழுதாள். ஒரு வார்த்தை புரியாத மண்டல் தாதாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாய் வந்த இடத்தில் குணா எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது.

மடை திறந்துவிட்டது. ரயிலில் கப்பல் மாதிரி ஒரு டாக்டர் வேண்டும் என்றாள் ரோசலின். தேங்காய் மூட்டைக்குத் தனி இடம் வேண்டும் என்றார் ஒருத்தர். தீவுக்காரர் கார்டைக் காட்டினால் பாதிக் கட்டணம் கொடுப்பீர்களா என்று இன்னொருத்தர். கஸ்பார் கடைசியாக எழுந்து, கடல் சீற்றமாக இருந்தால் ரயிலை ஒரு நாள் தள்ளி விட முடியுமா என்று கேட்டார். கேலிக்கு இல்லை, நிஜமாகவே கேட்டார். குணா அதையும் எழுதிக்கொண்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் ஸ்கூட்டரை ஓட்டிக்கொண்டே என் வீட்டுக்காரர் சொன்னார்.

"நல்லாத்தான் அழுத மீனா. ஆனா அந்தக் காலை வண்டி வேணும்னு கேக்கத்தானே போனோம்? நீ அதைத்தான் திட்டிட்டு வர்ற மாதிரி இருந்துச்சு."

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது. ரோட்டைப் பார்த்து ஓட்டுங்க" என்றேன்.

அன்றைக்குச் சுரேந்தர் மண்டல் தாதா கடையிலிருந்து ஜிலேபி வாங்கி வந்தான். பானுவிடம் வீடியோ காலில் என் அழுகையை மறுபடி நடித்துக் காட்டினேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாலு வருடம் ஆகியிருந்தது.

உத்தரவு மூன்றாவது வாரம் வந்தது. சுரேந்தர் காகிதத்தோடு தையல் கடைக்குள் ஓடிவந்தான். ஆனால் அவன் முகம் சரியில்லை.

"என்னடா, நிறுத்தம் போயிடுச்சா?"

"இல்லக்கா. நிரந்தரமாயிடுச்சு."

"அப்புறமென்ன மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்க? படி."

படித்தான். "போர்ட் பிளேயர் பயணிகள் கண்ணீருடன் எடுத்துரைத்த இன்னல்களைக் கருத்தில் கொண்டு, செம்மண்புதூர் நிறுத்தம் நிரந்தரமாக்கப்படுகிறது. மேலும் அவர்கள் சென்னை வண்டியிலிருந்து இறங்கியவுடன் வசதியாக மாறிச் செல்லும் பொருட்டு, மேற்படி வண்டி வரும் முதல் தேதியிலிருந்து ஜங்ஷனில் காலை ஆறரைக்குப் பதிலாகப் பிற்பகல் இரண்டரைக்குப் புறப்பட்டு, மூன்றேகாலுக்குச் செம்மண்புதூர் சேரும்."

தையல் மெஷினின் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூன்றேகால். பானுவுக்கு டியூட்டி எட்டரைக்கு.

உடனே குணாவுக்கு போன் போட்டேன். என் குரலைக் கேட்டதும் அவருக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி. "அம்மா, நீங்க பேசினத டேப்ல எடுத்து வச்சிருந்தேன். பெரிய மீட்டிங்ல போட்டுக் காட்டினேன். எங்க எம்.டி.யே கண்ணாடியைக் கழட்டிட்டாரு" என்றார்.

"தம்பி, அந்த வண்டி காலையிலேயே வரட்டும். எங்களுக்கு ஒண்ணும் கஷ்டமில்ல."

"ஐயோ, நீங்க எங்களுக்காக விட்டுக்குடுக்காதீங்கம்மா. இத்தனை நாள் கஷ்டப்பட்டது போதும்."

"இல்ல தம்பி, அங்க உள்ளூர் ஜனம் காலையில வேலைக்குப் போகுது. அவங்களுக்கு..."

"பாத்தீங்களா, இப்பவும் அடுத்தவங்களப் பத்தித்தான் கவலைப்படுறீங்க" என்றார். அவர் குரல் தழுதழுத்தது. "கவலையே படாதீங்க. லோக்கல்ல டிமாண்டே இல்லம்மா. எங்க டேட்டால அங்க தினமும் டிக்கெட் வாங்குறது உங்க ஊர்க்காரங்க மட்டும்தான்."

நான் அழுதது பொய் தம்பி, நாங்கள் யாரும் ஜென்மத்தில் அந்த ஊருக்குப் போகப் போவதில்லை என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எதிரே சுரேந்தர் இரண்டு கைகளையும் கூப்பிக்கொண்டு நின்றான். சொன்னால் நிறுத்தமே போகும், சாயங்காலம் திரும்பி வருகிற வண்டியும் நிற்காது. இவன் வேலையும் போகும். "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

முதல் தேதிக்கு நாலு நாள் கழித்துப் பானுவே கூப்பிட்டாள். நான் வேண்டுமென்றே அதுவரை அவளுக்குப் போன் செய்யவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"ஸ்டேஷன்ல பேனர் கட்டியிருக்காங்கக்கா. போர்ட் பிளேயர் பயணிகளை வருக வருகன்னு. நாலு நாளா மூணேகாலுக்கு வண்டி வருது, நிக்குது, யாரும் இறங்கல. கார்டு எட்டி எட்டிப் பாக்குறாரு."

"வேலை என்னாச்சுடி?"

"நாலு நாளும் பதினோரு மணிக்குத்தான் போய்ச் சேர்ந்தேன். இந்த மாசம் முடியட்டும்னு சொல்லியிருக்காங்க. அப்புறம் வேற ஆள் பாத்துக்குவாங்களாம்."

பின்னால் ஏதோ பஸ் ஹாரன் அடித்தது. அவள் பஸ் ஸ்டாண்டில்தான் நின்றுகொண்டிருந்தாள்.

"தினம் ஏறுற நாங்க நானூறு பேரு கையெழுத்துப் போட்டோம்க்கா. ஒருத்தன் பிரிச்சுக்கூடப் பாக்கல. ஏறாத வண்டிக்கு நீ ஒரு நாள் அழுத, வண்டியவே மாத்திட்டாங்க." குரல் உடைந்தது. "உன்ன நான் குத்தம் சொல்லலக்கா. இன்னொரு தடவை அழு. இந்தத் தடவை எனக்காக அழு."

பஸ் வந்துவிட்டது என்று வைத்துவிட்டாள்.

நான் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். பாதி தைத்த ஜாக்கெட் ஊசியின் கீழே கிடந்தது. நெஞ்சில் அடித்துக்கொள்ளவில்லை, ஒரு வார்த்தை வரவில்லை, மூக்குகூடச் சத்தம் போடவில்லை. கண்ணீர் மட்டும் அதுபாட்டுக்குத் துணியில் சொட்டிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தேனோ தெரியாது. தன் பிளவுஸை வாங்கிப்போக வந்த ரோசலின் வாசலில் நின்று என்னைப் பார்த்தாள். பார்த்ததும் பரபரப்பாகத் தலைமுடியை ஒதுக்கி, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தெருவை எட்டிப் பார்த்தாள்.

"என்ன மீனாக்கா," என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள், "ஆபீசர் யாராச்சும் வர்றாங்களா?"